புறக்கடை வாத்துகளுக்குச் சுத்தமான தண்ணீர்: முழுமையான வழிகாட்டி

வாத்து இருக்கும் வீட்டில் காலையில் வைத்த தண்ணீர் அரை மணி நேரத்தில் கலங்கிவிடும். வாத்து தீவனம் தின்ற வாயோடு தண்ணீருக்கு வரும். சேற்றைக் கிளறிய அலகை அதிலேயே அலசும். மூக்குத் துளைக்குள் தண்ணீரை ஏற்றிச் சீறி வெளியே தள்ளும். அதன் உடம்புக்கு இதெல்லாம் தேவை. தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

ஆகவே கலங்காத தண்ணீருக்கு வழி தேட வேண்டாம். கலங்கியதைச் சுலபமாகக் கொட்டி, வடியவிட்டு, மறுபடி நிரப்ப வழி செய்யுங்கள். மாற்றுவது சிரமமாக இருந்தால் முதல் வாரம் தினமும் மாற்றுவோம், மூன்றாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் பச்சைத் தண்ணீரிலேயே வாத்து நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பலரிடம் இதைத்தான் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள கணக்கெல்லாம் ஆறு முதல் பத்து வாத்துகள் வரை உள்ள வீட்டுக்கு. காக்கி கேம்பல், ஆரணி, மணிலா என எந்த வாத்து இனமானாலும் முறை ஒன்றுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் நான்கு. குளிக்க 60 முதல் 100 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அதன் அடியில் பொருத்த ஒன்றரை அல்லது இரண்டு அங்குல டேங்க் நிப்பிளும் (தொட்டித் துளையில் குழாயை இணைக்கும் துண்டு) பால் வால்வும் (பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது). ஒன்றரை அங்குல ஜல்லி, கொஞ்சம் கூழாங்கல், பத்துப் பன்னிரண்டு செங்கல். தேங்காய் நார், நீளக் கைப்பிடி பிரஷ், குழாயிலிருந்து தொட்டி வரை எட்டும் ஹோஸ், பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலம்.

வாளிகள் உணவுப் பொருள் வந்தவையாக இருக்கட்டும். பெயின்ட் வாளி மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஓரங்களில் ஒட்டியிருக்கும் பெயின்ட் முழுதாகப் போவதில்லை. பூச்சி மருந்து வந்த கேன் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பித்தளை, செம்புப் பாத்திரங்களையும் தவிர்த்துவிடுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் பாத்திரத்துக்கு பிளாஸ்டிக்கோ ஸ்டீலோ போதும்.

சிமென்ட் தொட்டி புதிதாக வாங்கினால் உடனே வாத்தை விடக் கூடாது. புது சிமென்ட்டின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக் காரமாக்கும். நிரப்பி, இரண்டு நாள் ஊறவிட்டுக் கொட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு இப்படியே செய்த பிறகு பயன்படுத்துங்கள்.

2. முதலில் வடிகால்

எல்லோரும் தொட்டி வாங்கத்தான் முதலில் ஓடுகிறார்கள். வேலை தொடங்க வேண்டியது கொட்டும் தண்ணீர் எங்கே போகும் என்பதிலிருந்து. ஒரு வாத்து நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். சிந்துவது அதைவிட அதிகம். அதோடு குளியல் தொட்டியின் தண்ணீரும் தினமும் வெளியேற வேண்டும். வடிகால் இல்லாத கொல்லையில் ஒரு வாரத்தில் சேறு சேரும், வாத்துகள் அந்தச் சேற்றை அலகால் துழாவும், எவ்வளவு சுத்தமான தண்ணீர் வைத்தாலும் அவை குடிப்பது சேற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும்.

குடிநீர் வாளி நிற்கும் இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி, முக்கால் அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். அடியில் ஒன்றரை அங்குல ஜல்லியைப் பரப்புங்கள். மேலே நான்கு விரல் உயரத்துக்கு உருண்டைக் கூழாங்கல். ஜல்லியை மேலே விடக் கூடாது. அதன் கூர் முனை வாத்தின் பாதத்தைக் கீறும், அந்தக் கீறலில் கிருமி புகுந்து பாதம் வீங்கிக் கெட்டியாகிவிடும். நொண்டும் வாத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கூழாங்கல் கிடைக்காவிட்டால் ஆட்டுக் கொட்டிலுக்கு விற்கும் பிளாஸ்டிக் தரைப் பலகையைச் செங்கல் மேல் ஏற்றி வைக்கலாம். பெரிய வாத்துக்கு அது நல்லது. குஞ்சின் கால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால் குஞ்சுகளுக்கு வேண்டாம்.

செம்மண் தரையென்றால் இந்தக் குழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். களிமண் தரையில் இழுக்காது. அங்கே குழியின் அடியிலிருந்து ஒரு பைப்போ வாய்க்காலோ எடுத்து, அடிக்குக் கால் அங்குலச் சரிவு கொடுத்து, வாழை அடிக்கோ தென்னம்பாத்திக்கோ விடுங்கள். வாத்துத் தண்ணீரில் தழைச்சத்து உண்டு, வாழை அதில் நன்றாக வரும். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரிக்கு மட்டும் இதைப் பாய்ச்சக் கூடாது. எச்சத்தில் உள்ள சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இலையில் ஒட்டி நம் தட்டுக்கே வந்து சேரும்.

கிணறு அல்லது ஆழ்குழாய் இருந்தால் குழியும் வாய்க்கால் முடிவும் அதிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கமாக இருக்க வேண்டும். இடம் குறைவான வீடுகளில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வாத்துக்காகச் செய்யும் வேலை வீட்டின் குடிநீரைக் கெடுத்துவிடக் கூடாது.

சில மாதங்களில் இறகும் மண்ணும் சேர்ந்து குழி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேலே தேங்கத் தொடங்கியதும் கல்லை வெளியே எடுத்து, அலசி, திரும்பப் போடுங்கள்.

3. இடம்

மேடான இடமும் நிழலும் வேண்டும். மர நிழலைவிட ஓலைப் பந்தல் மேல். மரத்தடியில் சருகு விழும், கிளையில் அடையும் காகமும் மைனாவும் நேராகத் தண்ணீருக்குள் எச்சமிடும்.

அரளிச் செடி பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. அது ஊறிய தண்ணீரும் நஞ்சுதான்.

முட்டையிடும் பெட்டியிலிருந்தும் தள்ளி வையுங்கள். நனைந்த காலோடு வாத்து பெட்டிக்குள் ஏறினால் முட்டை ஓடு அழுக்காகும், அடைக்கு வைத்தால் கெட்டுப்போகும்.

4. குடிநீர் வாளி

கோழிக்கு வைக்கும் ஆழமில்லாத தட்டு வாத்துக்குப் பயன்படாது. இதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வாத்தின் மூக்குத் துளை அலகின் மேற்பகுதியில், நெற்றியை ஒட்டி இருக்கிறது. அலகு முழுவதும், முடிந்தால் கண் வரைக்கும், தண்ணீரில் முங்க வேண்டும். அப்போதுதான் மூக்கில் ஒட்டிய தீவனமும் கண்ணில் சேரும் பீளையும் கழுவப்படும். முங்க வழியில்லாத வாத்துக்குக் கண் ஓரம் செதில் தட்டிப் பொறுக்கு கட்டும். முற்றினால் பார்வையே போகும். அதற்குத் தண்ணீர் 12 முதல் 15 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும்.

தலை முங்க வேண்டும், உடம்பு ஏறக் கூடாது. இரண்டையும் ஒன்றாகத் தருவது பக்கத்துளை வாளி.

வாளியின் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் நான்கு அங்குல விட்டமுள்ள வட்டத் துளைகளை மூன்று பக்கமும் போடுங்கள். மணிலா ஆண் வாத்து இருந்தால் துளை ஐந்து அங்குலம் இருக்கட்டும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கழுத்து இறகு உதிரும். தண்ணீர் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்கும், வாத்து தலையை உள்ளே விட்டு முக்கும், மூடி இருப்பதால் மேலே ஏறி எச்சமிட முடியாது. பாதித் தண்ணீர் இருக்கும் வாளியைச் சில வாத்துகள் தள்ளிக் கவிழ்க்கும். அடியில் ஒரு செங்கல்லைக் கழுவிப் போட்டுவிடுங்கள்.

ஒரே வாளி போதாது. ஆறு வாத்துக்கு இரண்டாவது வையுங்கள், கொஞ்சம் தள்ளி. வலுவான ஆண் வாத்து ஒரு வாளியை மறித்துக்கொண்டு நின்றால் மெலிந்தது தாகத்தோடு காத்திருக்கும். நான்கு வாளி வாங்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. இரண்டு பயன்பாட்டில் இருக்கும்போது மற்ற இரண்டும் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயும். வழவழப்பாகப் படியும் பாசி ஈரத்தில்தான் உயிரோடு இருக்கும். ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்த வாளியில் அது பெரும்பாலும் செத்துவிடும், தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

5. எந்தத் தண்ணீரை ஊற்றுவது

நீங்கள் குடிப்பதை அவற்றுக்கும் கொடுங்கள். குழாயில் வரும் குளோரின் கலந்த குடிநீர் அப்படியே சரி.

கிணற்றுத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ மேல்தொட்டியில் நிற்பதானால், ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கலங்கிய தண்ணீரில் இது வேலை செய்யாது. அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளிய வையுங்கள்.

கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும். பெரிய வாத்துகூட ஓரளவுதான் தாங்கும், குஞ்சு தாங்காது. குடிக்க நல்ல தண்ணீர், குளிக்க உப்புத் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போதும் அவை குடிக்கும்தான், ஆனால் பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தால் அதைத்தான் தேடி வரும்.

ஏரி, குளம், வயல் வாய்க்காலிலிருந்து மொண்டு வர வேண்டாம். அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துக் கூட்டங்கள் இறங்கும், காட்டுப் பறவைகளும் இறங்கும். வாத்துப் பிளேக், வாத்துக் காலரா இரண்டும் பொதுத் தண்ணீர் வழியே ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. வயலில் தெளித்த மருந்தும் அதே தண்ணீரில்தான் வடிந்திருக்கும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குளியல் தொட்டியில் ஊற்றும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. தண்ணீர் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். சோப்பு வாத்தின் இறகில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும். பூச்சு போன இறகு தண்ணீரை உறிஞ்சும், வாத்து நனைந்து நடுங்கும், ஆழமான தொட்டியில் மூழ்கவும் செய்யும். அரிசி கழுவிய கழுநீரைத் தவிட்டில் பிசைந்து உடனே தின்னக் கொடுக்கலாம். தொட்டியில் ஊற்றினால் மதியத்துக்குள் புளித்துவிடும்.

6. குளியல் தொட்டி

நீந்தக் குளம் இல்லாமலும் வாத்து நன்றாக வளரும், முட்டையும் இடும். ஆனால் உடம்பை நனைத்து இறகு கோத வழி இருந்தால் இறகு சுத்தமாக இருக்கும், பேன் குறையும். முதுகுப் பக்கம் வால் தொடங்கும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து உடம்பெங்கும் பூசும் வேலையைக் குளித்த பிறகுதான் அவை முழுமூச்சாகச் செய்யும். வெள்ளை பெக்கின் போன்ற கனத்த இனங்களுக்குத் தண்ணீரில் இணை சேர்வது எளிது, அடைமுட்டைக்கு வளர்ப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

தொட்டி சிறியதாக இருப்பதே நல்லது. 500 லிட்டர் சிமென்ட் தொட்டி கட்டி, தினமும் மாற்ற முடியாமல் விட்டுவிடுவதைவிட, 60 லிட்டர் டப்பைத் தினமும் மாற்றுவது வாத்துக்கு எவ்வளவோ மேல்.

தொட்டியை இரண்டு செங்கல் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். பக்கச் சுவரின் அடி ஓரத்தில் துளை போட்டு, டேங்க் நிப்பிளை வாஷரோடு இறுக்கி, பால் வால்வை மாட்டி, வாய்க்காலுக்கு ஒரு பைப் விடுங்கள். ஏற்றி வைத்தால்தான் அழுக்கு தானாக இறங்கும். வால்வு இல்லாத தொட்டியில் மொண்டு மொண்டு கொட்ட வேண்டும், மொள்ள முடியாத கடைசிக் கசடு உள்ளேயே தங்கும். அரை அங்குல வால்வு போடாதீர்கள், முதல் இறகே அடைத்துவிடும்.

ஏறி இறங்க வெளியே செங்கல் படி, உள்ளேயும் ஒரு செங்கல். உள்ளே போடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் களைத்த வாத்து மூழ்கிச் சாகும்.

மிதவை வால்வு போட்டுத் தானாக நிரம்பும்படி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குளியல் தொட்டிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தொட்டி எப்போதும் நிறைந்திருப்பதால் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வராது. அழுக்கின் மேல் நல்ல தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும்.

7. தீவனத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஐந்தாறு அடி

வாத்துக்குத் தீவனம் இருக்கும்போதெல்லாம் தண்ணீரும் இருக்க வேண்டும். உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் அடைத்துத் திணறும். அதே சமயம் இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒவ்வொரு வாய்க்கும் அலகை முக்கி வாளியைக் கூழாக்கிவிடும். ஐந்தாறு அடி நடக்கும் தூரத்தில் வாயில் ஒட்டியது பாதி விழுந்துவிடும்.

நனைந்து கீழே சிதறிய தீவனத்தை அன்றே கூட்டி அள்ளுங்கள். ஈரத் தீவனத்தில், அதிலும் கடலைப் பிண்ணாக்கு கலந்ததில், பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு வாத்தைப்போல் எளிதில் பலியாகும் வளர்ப்புப் பறவை குறைவு. குஞ்சாக இருந்தால் கொஞ்சமே போதும்.

8. ஒரு நாளின் வரிசை

விடிந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீவனம். இரவெல்லாம் குடிக்காமல் இருந்த வாத்து பசியோடு உலர் தீவனத்தில் பாய்ந்தால் அடைத்துக்கொள்ளும். வாத்துகள் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதுவரை அடைத்து வைப்பவர்கள், கொட்டகை வாசலில் ஒரு பலகையின் மேல் வாளியை வைத்துவிடலாம்.

திறந்துவிட்டதும் குளியல் தொட்டியை நிரப்புங்கள், வாளியை அல்ல. வெளியே வந்தவுடன் எல்லாமே தொட்டிக்குத்தான் ஓடும், சேறெல்லாம் அங்கே போகும். அது அடங்கியதும் பழைய வாளிகளை எடுத்துத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டு, காய்ந்த வாளிகளை நிரப்பி வையுங்கள்.

மதியம் வாளித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும்.

மாலையில் தொட்டியின் வால்வைத் திறந்து வடியவிடுங்கள். வடியும்போதே தேங்காய் நாரால் சுவரை ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டால் கசடும் அந்த ஓட்டத்திலேயே போய்விடும். இரவு முழுக்கத் தொட்டி காலியாக இருக்கட்டும்.

இரவில் கொட்டகைக்குள் தண்ணீர் வேண்டாம், தீவனமும் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் விடிவதற்குள் உமிப் படுக்கை நனைந்து அம்மோனியா நெடி ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மட்டும் ஒரு பக்கத்துளை வாளியைப் பலகையின் மேல் உள்ளே வைக்கலாம்.

9. வாரம் ஒரு முறை

பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர். முதலில் வாளியையும் தொட்டியையும் நாராலும் பிரஷ்ஷாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகே இந்தக் கரைசலை எல்லாப் பக்கமும் படும்படி ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து வீண். பிறகு இரண்டு முறை அலசி வெயிலில் காயவையுங்கள். வாத்துகள் அப்போது தூரத்தில் இருக்கட்டும். ஆசிட், வினிகர் எதையும் இதனோடு கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கொசுவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். தினமும் காலியாகும் தொட்டியில் புழு வளராது, அப்படியே வந்தாலும் வாத்தே தின்றுவிடும். கொசு வளர்வது வாத்தின் அலகு எட்டாத இடங்களில்: மழைநீர் நின்ற உதிரி வாளி, வாய்க்கால் முடிவில் தேங்கும் குட்டை, செங்கல்லின் பொந்து. டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்தாக வேண்டும்.

10. குஞ்சுகளுக்கு

வாத்துக் குஞ்சென்றால் தண்ணீரில் விட வேண்டும் என்று நினைத்து, வாங்கி வந்த அன்றே டப்பில் விடுகிறார்கள். தாயோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து எண்ணெய் ஒட்டும், நனைந்தால் ஒண்டிக்கொள்ளச் சூடும் கிடைக்கும். பொரிப்பகத்திலிருந்தோ அடைக்கோழியிடமிருந்தோ வந்த குஞ்சுக்கு அந்த எண்ணெய் இல்லை. நனையும், விறைக்கும், செத்துப்போகும்.

முதல் சில வாரங்களுக்குத் தண்ணீர் 5 முதல் 7 செ.மீ. ஆழம், வாய் குறுகலான பாத்திரத்தில். அலகு முங்க வேண்டும், குஞ்சு உள்ளே இறங்க இடம் இருக்கக் கூடாது. அகலமான தட்டுதான் இருக்கிறதென்றால் கழுவிய கூழாங்கல்லை நிரப்பி இடுக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் நாளில் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டினால் குடிக்கக் கற்றுக்கொள்ளும். பாத்திரத்தைச் சின்னக் கண்ணி உள்ள வலைச் சட்டத்தின் மேல் வைத்தால் சிந்துவது கீழே போகும், படுக்கை நனையாது.

மூன்று வாரம் ஆனதும் வெயில் உள்ள நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஐந்து நிமிடம் விடலாம். முழு இறகு வர ஏழு, எட்டு வாரம் ஆகும். அதன் பிறகு பயமில்லை.

11. கோடையும் மழையும்

வெயில் நாளில் மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை வாளியில் ஊற்றினால் வாத்து குடிக்காது. காலையிலேயே ஒரு டிரம்மில் பிடித்து நிழலில் மூடி வைத்து, மதியம் அதிலிருந்து எடுங்கள். வாத்துக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இறைப்பதும், அலகையும் காலையும் நனைப்பதும்தான் அதற்குக் குளிர்ச்சி. ஆகவே கத்திரி வெயிலில் குளியல் தொட்டியை மதியமும் ஒருமுறை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. கூரைத் தண்ணீர் எச்சத்தையும் எலி மூத்திரத்தையும் அடித்துக்கொண்டு தொட்டிக்குள் வரும். எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் நமக்கும் ஆபத்து. தொட்டியைக் கூரை விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள். கையில் புண் இருந்தால் உறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். கொல்லையில் தேங்கும் குட்டைகளை உடனுக்குடன் வாய்க்கால் வெட்டி வடித்துவிடுங்கள். எதிரில் நல்ல வாளி இருந்தாலும் வாத்து குட்டையைத்தான் முதலில் தேடும்.

12. வாத்தைப் பார்த்துத் தண்ணீரைத் தெரிந்துகொள்வது

கண்ணில் நுரை, மூக்குத் துளையில் பொறுக்கு: வாளியில் ஆழம் போதவில்லை. ஆழத்தைக் கூட்டி இரண்டு மூன்று நாள் பாருங்கள். சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இறகு அழுக்கேறி, நனைந்தால் உலராமல் தொங்கினால் குளியல் தண்ணீர் மோசம், அல்லது சோப்பு கலந்திருக்கிறது.

கழுத்து துவண்டு தலை தரையில் விழுந்து கிடந்தால் தாமதிக்கக் கூடாது. தேங்கி அழுகிய தண்ணீரிலும், செத்த எலி, பறவை கிடக்கும் சேற்றிலும், அதில் நெளியும் புழுவிலும் உண்டாகும் பொட்டுலிசம் என்ற நச்சாக இருக்கலாம். முதல் வேலையாக மற்ற வாத்துகளை அந்தத் தண்ணீரிலிருந்து பிரித்துவிடுங்கள். விழுந்த வாத்தை நிழலில், தலை தண்ணீரில் விழாதபடி வையுங்கள், தலையைத் தாங்க முடியாத வாத்து இரண்டு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். அப்படியே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கொல்லையில் செத்த பிராணி எங்கே கிடக்கிறது என்று தேடி எடுத்து ஆழமாகப் புதைக்கும் வரை மற்றவற்றை அடைத்தே வையுங்கள்.

மருந்தகத்துக்குப் போகும்போது வாத்துப் பிளேக் தடுப்பூசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரம் தாண்டிய வாத்துகளுக்குப் போடுவார்கள்.